ஒச்சாயியின் கைரேகை

என் தங்கை ஒச்சாயி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். புருஷன் விட்டுப்போன மறு வருஷமே தன் பெயரில் ரேஷன் கார்டு வாங்கினாள். நாகமலை புதுக்கோட்டையில் கட்டட வேலை நடந்தபோது, பெண்களுக்குத் தனிக் கக்கூஸ் கட்டாமல் சாந்துச் சட்டியைத் தொட மாட்டோம் என்று நின்று கட்ட வைத்தாள். மகள் பவதாரிணியை நர்சிங் சேர்த்தாள். பத்தொன்பது வருஷச் சித்தாள் வேலையில் ஒரு நாள் சம்பளத்தைக்கூட மேஸ்திரியிடம் விட்டதில்லை.

ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது. கான்கிரீட் போடும்போது அடியில் தாங்கும் சென்ட்ரிங் தகடுகளை வாங்கி வாடகைக்கு விட வேண்டும். தொழிலை விடப்போகும் கண்ணுச்சாமி, நாற்பது தகடுகளை ஐம்பதாயிரத்துக்குத் தருவதாகவும் வெள்ளிக்கிழமைவரை பொறுப்பதாகவும் சொன்னார்.

வங்கியில் சொத்துப் பத்திரம் கேட்டார்கள். எங்களிடம் அது இல்லை. அதனால் எங்கள் ஊர் எழுமலையில் ரெங்கம்மாள் தலைமையில் ஒச்சாயியோடு சேர்த்துப் பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று குழுக்கடன் கேட்டார்கள். பட்டியலில் உள்ள அத்தனை பேர் ரேகையும் மிஷினில் பதிய வேண்டும். ஒருவர் ரேகை பதியாவிட்டாலும் யாருக்கும் பணம் இல்லை.

கடன் கம்பெனிக்காரர் ரெங்கம்மாள் வீட்டுக்கு மிஷினோடு வந்தார். நானும் போயிருந்தேன். ஒன்பது பேருக்குப் பச்சை விளக்கு எரிந்தது. ஒச்சாயிக்குச் சிவப்பு.

“நல்லா அழுத்துங்கக்கா.”

“இதுக்கு மேல அழுத்துனா ஒங்க மிஷினு ஒடஞ்சிரும் தம்பி” என்றாள் ஒச்சாயி.

எல்லோரும் சிரித்தார்கள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். சிமெண்ட் ரேகையைத் தின்றிருந்தது. ரெங்கம்மாள் எலுமிச்சம்பழம் தேய்த்தாள், எண்ணெய் தடவினாள், முந்தானையால் துடைத்தாள்.

“ஏண்டி, ரேகையையும் சேத்தா கலவையில கொட்டிட்டு வந்த?”

இருபத்தேழு தடவை வைத்தாள். நான் எண்ணினேன்.

“கண்ண வச்சுப் பாக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“கம்பெனி ரூல்ஸ் அண்ணே. என் கையில ஒண்ணுமில்ல. இவுக விலகிக்கிட்டா, ஒம்பது பேருக்கும் இன்னைக்கே போட்டுரலாம்.”

யாரும் அவளைப் பார்க்கவில்லை. ரெங்கம்மாள் மட்டும், “நீ இல்லாம எங்களுக்கு வேணாம்டி” என்றாள். ரெங்கம்மாள் கறவை மாட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

“போக்கா, போய் மாட்ட ஓட்டிட்டு வா. எனக்குப் பாலு ஓசியில குடு” என்றாள் ஒச்சாயி.

விலகல் கடிதத்தில் அவள் விரலை உருட்டினால் வெறும் மைதான் விழும், மேலிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார் கம்பெனிக்காரர். கடன் பத்திரத்துக்காக ஒரு மாதமாக அவள் மகளிடம் தன் பெயரின் நாலு எழுத்தையும் பழகியிருந்தாள். பேனாவைக் கேட்டு வாங்கினாள். ஐம்பதாயிரம் புரட்ட வழியில்லாத அண்ணன் நான். பக்கத்தில் நின்று தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டேன். கோடு விலகாமல் எழுதினாள்.

என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள், 2023 ஆகஸ்ட் 16, புதன்கிழமை.