நிழலுக்காக ஒரு முழம்

என் சித்தப்பா தன் படகின் பாயைத் தன் கையாலேயே வெட்டினார் என்று சொன்னால் ஏரிப் பக்கம் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், எனக்கே பாதி நாள் நம்பிக்கை வரவில்லை. காயப்போட்ட பாயை ஒரு காக்கா மிதித்ததற்காக அந்தக் காக்காவை அரை மணி நேரம் திட்டிய மனிதர் அவர்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள், உயரமான கட்டடங்களில் லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் கிரீஸோடு கிரீஸாகக் கிடப்பார். ஏழாவது நாள் ஏரிக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு ஒரு குட்டிப் பாய்மரப் படகு. நாலு பேர் ஏறினால் ஐந்தாவது ஆள் யார் மடியிலாவதுதான் உட்கார வேண்டும். "ஆறு நாள் எலியா இருக்கேன், ஒரு நாள் வெயில்ல காஞ்சா என்ன?" என்பார். அதே ஏரியில் ஒரு பல் டாக்டரும் படகு வைத்திருக்கிறார். அதற்கு மேலே வெயில் மறைக்கும் துணிக்கூரை உண்டு. சித்தப்பா அந்தப் படகுக்கு வைத்த பெயர் 'குடை பிடிச்ச வாத்து'.

சித்தப்பா சுக்கானையும் பெரிய பாயையும் பார்த்துக்கொள்வார். முன்னால் இருக்கும் சின்னப் பாயின் கயிறு சித்தி கையில். வீட்டில் இரண்டு பேரும் டிவி ரிமோட்டுக்காக ஒரு வாரம் பேசாமல் இருப்பார்கள். படகிலோ பேசவே தேவையில்லை. அவர் தாடையை லேசாக அசைத்தால் போதும், இவள் கயிற்றைத் தளர்த்திவிடுவாள்.

போன வருடம் சித்திக்கு விரல் முட்டியெல்லாம் வீங்கியது. இரண்டு கன்னமும் அறை வாங்கியதுபோலச் சிவந்தன. பரிசோதனை எல்லாம் முடித்து டாக்டர் சொன்னார்: உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துச் சண்டை போடும் நோய். வெயில் பட்டால் தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரைக்கும் போகும்.

"அப்ப நிலா வெளிச்சம் பரவாயில்லையா டாக்டர்?" என்று சித்தி கேட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மறந்துபோனார். அடுத்த நோயாளி வந்து பக்கத்தில் நின்ற பிறகு நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஏரிப் பக்கம் போகவில்லை. விடுமுறை வந்தால் மின்விசிறியைக் கழற்றுவார், மிக்ஸியைக் கழற்றுவார். வீட்டில் கழற்றப்படாமல் மிஞ்சியது சித்தியும் நானும்தான்.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன்" என்றாள் சித்தி.

"தனியா போனா யாரு என்னைத் திட்டுவா?"

"அப்ப எனக்கு ஒரு நிழல் போட்டுக் கொடுங்க, வரேன். முடியாதுன்னா படகை அந்தப் பல்லு டாக்டருக்கே கொடுத்துடுங்க. ஆசைப்பட்டுட்டு வீட்டுல உக்காந்திருக்க என்னால முடியாது. ரெண்டுல ஒண்ணு."

சித்தியின் டாக்டரிடம் கேட்டோம். காலையில் சீக்கிரம், முழுக்கைச் சட்டை, முகத்துக்குக் களிம்பு, நல்ல நிழல், ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை என்றார்.

முதலில் ஒரு தோட்டக் குடையைக் கட்டிப் பார்த்தோம். அது காற்றுக்கு நிமிர்ந்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டது. பிறகு கூடத்தில் துடைப்பக் குச்சிகளையும் போர்வையையும் வைத்து அளவு பார்த்தோம். கடைசியில் சித்தப்பா இரண்டு ஸ்டீல் குழாய்களை வளைத்து, படகின் இரு விளிம்பிலும் கீல் வைத்துப் பொருத்தினார். வேண்டாதபோது பின்னால் மடக்கிவிடலாம். நடுவில் துணியை இழுத்து, முன்னும் பின்னும் பட்டை போட்டுக் கட்ட வேண்டும்.

துணிக்கடைக்காரர், "வெள்ளை எடுங்க சார், உள்ள ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும்" என்றார். நானும் வெள்ளைக்கே ஓட்டுப் போட்டேன். வெள்ளை என்றால்தானே எழுத முடியும்! அன்று மாலையே துணியின் மேல் பக்கத்தில் 'மாடி வாடகைக்கு. குடும்பத்தினருக்கு மட்டும்' என்று எழுதிவிட்டேன்.

"ஏய் வாலு, உன்னைத்தான் முதல்ல வாடகைக்கு விடணும்" என்றார் சித்தப்பா. ஆனால் அழிக்கவில்லை.

சிக்கல் கூரையில் இல்லை, கட்டையில் இருந்தது. பெரிய பாயின் அடியில் நீளமாக ஒரு கட்டை உண்டு. படகு திரும்பும்போதெல்லாம் அது தலைக்கு மேல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசும். கூரை அதற்குக் கீழே இருக்க வேண்டும், எங்கள் தலை கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லை. கூரையை உயர்த்தினால் கட்டை இடித்துத் தள்ளியது. தாழ்த்தினால் சித்தி மூட்டைபோலக் குனிந்து உட்கார வேண்டும். அந்த முட்டிகளோடு முடியாது. கட்டையை ஒரு முழம் உயர்த்தினால் சரியாகிவிடும். கட்டை உயர வேண்டுமென்றால் பாய் ஒரு முழம் குறைய வேண்டும்.

கார் சீட்டுக்கு உறை தைப்பவரிடம் பாயைக் கொண்டுபோனோம். அவர் விரித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"நல்ல பாய் சார். வெட்டினா வேகம் போயிடும். என்னால முடியாது சார், பாவம் பிடிக்கும்."

"கத்திரியக் கொடுங்க."

கோடு போட்ட இடத்தில், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, சித்தப்பா நிறுத்தாமல் வெட்டிக்கொண்டு போனார். துணி கீச்சென்று கத்தியது. எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. எனக்கு ஜோக் வராதது அதுவே முதல் தடவை.

அடுத்த விடுமுறை நாளில் ஏரிக்குப் போனோம். சித்தி நிழலில் ராணிபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள்; சின்னப் பாயின் கயிறு என் கையில். குட்டையான பாயோடு படகு மெதுவாகத்தான் போனது. குடை பிடிச்ச வாத்து எங்களை முந்தியது. பல் டாக்டர் கையசைத்தார். சித்தப்பாவும் பல்லைக் காட்டிக் கையசைத்தார்! ஒரு மணி நேரம் முடிவதற்குள்ளேயே கரைக்கு வந்துவிட்டோம்.

இரண்டாம் நாள் சித்திக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் மருத்துவமனை.

 மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போன சித்தப்பா சீட்டோடு அப்படியே திரும்பி வந்தார். "படகைக் கொடுத்துடலாம்" என்று மட்டும் சொன்னார். "நிழல்லதானே உக்கார வச்சேன். நிழல்லதானே..." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பெரிய ஆள் ஒருவர் இப்படி உடைந்துபோவதை நான் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் சித்தி என்னிடம் கண்ணாடி கேட்டாள். வெகு நேரம் பார்த்தாள்.

"வாலு, இங்க வா. நெத்தி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சித்தி."

"தாடைக்குக் கீழ?"

செக்கச்செவேல் என்றிருந்தது. மூக்கின் அடியிலும், களிம்பு தடவாத கழுத்திலும் அப்படியே. நெற்றியில் ஒன்றுமே இல்லை.

"மேலேர்ந்து வரல. கீழேர்ந்து வந்திருக்கு" என்றாள் சித்தி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெயில் தண்ணீரில் பட்டு மேலே வந்திருக்கிறது. கூரையின் வெள்ளை அடிப்பக்கம் அதை வாங்கிப் படகின் தரைக்குத் திருப்பி விட்டிருக்கிறது. அந்தத் தரையும் பளபள வெள்ளை, அது மறுபடி அவள் தாடைக்கே ஏற்றி விட்டிருக்கிறது. கண்ணாடித் துண்டை வைத்து எதிர்வீட்டுக்காரர் மூஞ்சியில் வெயில் அடிப்பதில் இந்தத் தெருவிலேயே கைதேர்ந்தவள் நான். எனக்கே தோன்றவில்லை. போதாக்குறைக்கு வெள்ளைக்கு ஓட்டு வேறு போட்டிருக்கிறேன்.

சித்தப்பாவிடம் சொன்னதும் அவர், "அதான் கொடுத்துடலாம்னு சொல்றேனே!" என்று கத்தினார்.

"கத்தாதீங்க, ஆஸ்பத்திரி" என்றாள் சித்தி. "பாயை என்னைக் கேட்டா வெட்டினீங்க? இப்ப மட்டும் என்னைக் கேக்காம படகைக் கொடுப்பீங்களா? கூரைக்கு அடியில கருநீலத் துணி தைங்க. தரைக்குப் பளபளப்பு இல்லாத சாம்பல் பெயின்ட் அடிங்க. வெயில் வர்ற பக்கம் ஒரு திரை. அதுக்கப்புறமும் வந்துச்சுன்னா நானே கொடுத்துடச் சொல்றேன்."

எல்லாம் செய்து முடிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டரும் அரை மனதாகத் தலையாட்டினார். இந்த முறை அரை மணி நேரம்தான் போனோம். கழுத்துக்கும் களிம்பு.  சித்தப்பா பாயைப் பார்க்கவே இல்லை, சித்தியின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை கரையில் இடிக்கப் போனோம்.

பிறகு காத்திருந்தோம். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. நாலாம் நாள் காலை, ஜன்னல் பக்கம் நிற்க வைத்து நான் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல சித்தப்பா."

அவர் நம்பவில்லை. எத்தனை தடவை அவரைப் பொய் சொல்லி ஏமாற்றியிருக்கிறேன், என்னை எப்படி நம்புவார்? வேலைக்குக் கொண்டுபோகும் பெரிய டார்ச்சை எடுத்து வந்தார். அவள் முன்னால் மண்டியிட்டுத் தாடைக்குக் கீழே அடித்தார். இடது, வலது, கழுத்து, காதுக்கு அடியில் என்று ஒரு இடம் விடவில்லை. 

"என்ன, லிஃப்டையா பாக்குறீங்க?" என்றாள் சித்தி, மோவாயை உயர்த்தியபடியே.

"பேசாத. தாடை ஆடுது."

"பாத்தாச்சுல்ல? அடுத்த வாரம் சின்னப் பாய் என் கையில."

அவர் டார்ச்சை அணைக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டார்.