தில்லைநாதன் சொன்ன எடை

குறிஞ்சிப்பாடியில் ஒரு மல்லாட்டை மண்டியில் முப்பத்தெட்டு வருஷம் எடை போட்டவர் தில்லைநாதன். நிலக்கடலையைத்தான் அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். வேலையை விட்டுக் கடலூரில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்து ஆறு வருஷம் ஆகியும் அவர் கை சும்மா இருக்கவில்லை. காய்கறி வந்தால் தூக்கிப் பார்ப்பார். காஸ் சிலிண்டர் வந்தால் கொக்கித் தராசில் மாட்டித் தொங்கவிட்டு, முள் நிற்கும் வரை கொண்டு வந்த ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முகமும் முள்ளும் ஒத்துப்போனால்தான் ஆளை விடுவார்.

அவர் அம்மா தைலம்மாள் கம்மாபுரத்துக்காரி. அந்த வகையறாவே அப்படித்தான். தைலம்மாளின் அப்பா, பெண் பார்க்க வந்தவர்கள் தட்டில் வைத்த வெற்றிலைக் கட்டைப் பிரித்து எண்ணியவர். தைலம்மாளின் அண்ணன், மணவறையிலிருந்து எழுந்து போய்ப் பந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துதான் தாலி கட்டினார். தில்லைநாதன் இவர்கள் எல்லாரையும் மிஞ்சினார். தங்கை புஷ்பவள்ளியைச் சிதம்பரத்தில் கொடுத்திருந்தது. அவள் மகள் கயல்விழிக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் என்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே, அத்தை முறைக்காரி போட்ட சங்கிலியைக் கழற்றிச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தராசை எடுத்து நிறுத்தார். சங்கிலி எடை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான்கு வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லாமல் போயிற்று.

அந்தக் கயல்விழிக்கு இப்போது இருபத்தாறு வயசு. நர்ஸ் படிப்பு படித்தவள். வைகாசி மாதம் ஒருநாள் காலையில் மாமனுக்குப் போன் போட்டாள்.

"மாமா, எனக்கு வேலை கெடைச்சிருக்கு. லட்சத்தீவுல. வீடு வீடா போயி பிள்ளத்தாச்சிங்களப் பாக்குற வேலை."

"யாரு குடுத்தா? ஆர்டர் இருக்கா? சீல் இருக்கா?"

"எல்லாம் இருக்கு மாமா. எனக்கு ஒரு மடக்குற சைக்கிளு வேணும். நீங்கதான் பாத்து எடுத்துத் தரணும்."

தில்லைநாதனுக்குப் பொறி தட்டியது. சைக்கிளை எதற்கு மடக்க வேண்டும்? ஒளித்து எடுத்துப் போகிறவன் அல்லவா மடக்குவான்? அன்றைக்கே பஸ் ஏறிச் சிதம்பரம் போனார். உத்தரவுக் காகிதத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டு, எடுத்தவரிடம் அவர் பேரையும் ஊரையும் கேட்டார். பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

கயல்விழி பொறுமையாகச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கிள்ளை ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவளுக்கு வலது முட்டி உடைந்தது. அதிலிருந்து ஸ்கூட்டரைத் தொடவே பயம். நிறைய நடந்தால் முட்டி வீங்கும். சைக்கிள் மிதித்தால் ஒன்றும் செய்யாது, மிதிக்கச் சொல்லி டாக்டரே சொல்லியிருந்தார். தீவு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆறேழு கிலோமீட்டர். அந்தப் பக்கம் மழைக்காலம் பிறந்துவிட்டதால் சாமான் ஏற்றும் கப்பல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கொச்சியிலிருந்து போகும் விமானமோ சின்னது. ஒரு ஆளுக்குப் பதினைந்து கிலோதான். துணிமணியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். பதினைந்துக்குள் சைக்கிள் அடங்கினால் கூடவே வரும். மேலே போனால் இடமில்லை என்று இறக்கி வைத்துவிடுவார்கள். முன்னால் போன நர்ஸ் ஒருத்தியின் மிக்சி இப்படித்தான் கொச்சியிலேயே நின்றுவிட்டதாம்.

"சைக்கிளு வராட்டி ஒரு வாரத்துல முட்டி வீங்கித் திரும்பி வந்துடுவேன் மாமா. ஒரு மாசம் பாத்துட்டுத்தான் வேலைய உறுதி பண்ணுவாங்க. அதனாலதான் எல்லாரையும் சந்தேகப்படுற ஆளாப் பாத்துக் கேக்குறேன்."

உள்ளேயிருந்து புஷ்பவள்ளி சிரித்தாள். தில்லைநாதன் சிரிக்கவில்லை. காது குத்தியதற்கு அப்புறம் இந்தப் பெண் அவரிடம் கேட்ட முதல் காரியம் இது.

அடுத்த வாரம் மாமனும் மருமகளும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மரியலூர்து சைக்கிள் கடைக்குப் போனார்கள். லூர்து ஐம்பது வயசுக்காரர், அப்பா காலத்துக் கடை. மடக்கும் சைக்கிள் மூன்று வைத்திருந்தார். முதலில் சிவப்பு நிறத்தில் இருபது இன்ச் சக்கரம் வைத்ததைத் தள்ளிக்கொண்டு வந்து, "பன்னெண்டு கிலோதாண்ணே, பஞ்சு மாதிரி" என்றார்.

தில்லைநாதன் மஞ்சள் பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்தார். லூர்தின் முகம் போன போக்கைப் பார்த்துக்கொண்டே சைக்கிளை மாட்டித் தூக்கினார்.

"பதிமூணு எழுநூறு. மிச்சம் எங்கேர்ந்துய்யா வந்துச்சு?"

"அது வந்துண்ணே, கம்பெனிக்காரன் பெடலு, மட்காடு, ஸ்டாண்டு எல்லாம் இல்லாம போடுற வெயிட்டு."

"பெடலு இல்லாத சைக்கிள என் மருமவ எப்படி ஓட்டுறது? மேல உக்காந்து செபம் பண்ணவா?"

"நீங்க கேக்குற கேள்விக்கு நான்தாண்ணே செபம் பண்ணணும்" என்றார் லூர்து.

இரண்டாவது பச்சை. அதன் எடை பரவாயில்லை. ஆனால் நடுவில் மடங்கும் மூட்டு இணைப்பைத் தில்லைநாதன் இருபது தடவை திறந்து மூடினார். அப்புறம் பஸ் டிக்கெட்டை எடுத்து, மூடிய மூட்டின் இடுக்கில் செருகிப் பார்த்தார். டிக்கெட் உள்ளே போய்விட்டது.

"இப்பவே டிக்கெட்டு போவுது. உப்புக் காத்துல ஆறு மாசம் கெடந்தா விரலு போவும். வேணாம்."

மூன்றாவதைப் பார்த்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. பதினாறு இன்ச் சக்கரம், சாம்பல் நிறம், அலுமினிய உடம்பு. "நாங்க கேட்டது நர்சம்மாவுக்கு, பால்வாடிப் பிள்ளைக்கு இல்ல." லூர்து சீட்டை உயர்த்தி, ஹேண்டிலை நிமிர்த்தி, கயல்விழியிடம் கொடுத்தார். அவள் ரோட்டில் ஏறிக் கோயில் பக்கம் போய்த் திரும்பி வந்தாள். வரும்போது முகத்தில் சிரிப்பு. தில்லைநாதன் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தார்.

"வலிக்குதா? மறைக்காம சொல்லு."

"இல்ல மாமா, மிதிக்க லேசா இருக்கு."

பெடல், மட்காடு எல்லாவற்றோடும் பதினொன்று எண்ணூறு. மூட்டில் டிக்கெட் நுழையவில்லை. அதற்கு மேல் குறை சொல்ல ஒன்றும் அகப்படாதது அவருக்கு ஒரு மாதிரி இருந்தது.

"பிளேன்ல ஏத்துறப்ப டயர்ல காத்த எறக்கிடணும்ணே. அங்க போயி அடிச்சிக்க ஒரு கைப்பம்பு எடுத்துக்குங்க" என்றார் லூர்து.

"காத்த எறக்கச் சொல்றது பம்பு விக்கிறதுக்குத்தானே?"

"அண்ணே, மாதா சத்தியமா பிளேன்காரன் சொல்றதுண்ணே!"

கயல்விழி கைப்பேசியில் அதே விதியை எடுத்துக் காட்டிய பிறகு பம்பும் ஒரு பூட்டும் வாங்கினார்கள். மூடி வைக்க லூர்து ஒரு மெல்லிய உறை சும்மா கொடுத்தார். சும்மா கொடுக்கிறான் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா என்று தில்லைநாதன் அதைத் தொடக்கூட இல்லை. விமானத்தில் சாமான் ஏற்றுகிறவர்கள் தூக்கி எறிவார்கள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். முதுநகரில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவரிடம் கொடுத்து, உள்ளே தடித்த பஞ்சு வைத்து, குண்டு போட்டாலும் தாங்குகிற மாதிரி ஒரு பை தைத்து வாங்கினார்.

பையில் சைக்கிளையும் பம்பையும் பூட்டையும் ஸ்பேனரையும் அடக்கி, வீட்டு வாசல் உத்திரத்தில் தராசைக் கட்டித் தூக்கினார். முள் நின்றது. "பதினாலு எழுநூறு!" என்று மண்டியில் கூவுகிற மாதிரி கூவினார். கயல்விழி குறித்துக்கொண்டாள். பதினைந்துக்கு முந்நூறு கிராம் குறைவு. அவளுக்கு நிம்மதி.

கிளம்புகிற நாள் வந்தது. சிதம்பரத்தில் மத்தியானம் ரயில். தில்லைநாதன் காலையிலேயே பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். காபி குடித்து முடிக்கவில்லை, புஷ்பவள்ளி சொன்னாள்:

"ண்ணா, எதிர்த்த மாவு மிஷின்ல கரண்டு தராசு இருக்கு. ஒரு தடவ வெச்சுப் பாத்துடலாம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன், நான் போட்டது எடை இல்லியா?"

"இருக்கட்டுமேண்ணா."

"முப்பத்தெட்டு வருஷம். நான் சொன்ன எடைய எவனும் மறு எடை போட்டதில்ல."

"அதனாலதான் போடச் சொல்றேன்" என்றாள் புஷ்பவள்ளி. அவளும் தைலம்மாள் பெற்ற பிள்ளைதானே.

மாவு மிஷினில் பையை வைத்தார்கள். சிவப்பு எழுத்தில் பதினைந்து எழுநூறு என்று வந்தது.

"கரண்டு தராசு. ஊர ஏமாத்துது" என்றார் தில்லைநாதன். பையை இறக்கிவிட்டு, பிரிக்காமல் கிடந்த அரிசிச் சிப்பத்தை வைத்தார். அச்சடித்தபடி இருபத்தைந்து காட்டியது. தன் கொக்கித் தராசை மிஷின் கம்பியில் மாட்டிப் பையைத் தூக்கினார். முள் பதினைந்து எழுநூறில் போய் நின்றது. அன்றைக்குக் கடலூரிலும் அதே இடத்தில்தான் நின்றது. அது அவருக்கு இப்போது நன்றாக ஞாபகம் வந்தது.

மூன்று பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மிஷின்காரப் பெண் பொன்னியையும் சேர்த்து.

"புஷ்பா" என்றார் கடைசியில். "தராசு பொய் சொல்லல. நான்தான். சாக்கக் கழிச்சுட்டேன்."

மண்டியில் யாரும் மூட்டையின் முழு எடையைச் சொல்வதில்லை. சாக்குக்கும் சணலுக்கும் ஒரு கிலோ கழித்து, உள்ளே இருக்கும் சரக்கின் எடையைத்தான் கூவ வேண்டும். கண் முள்ளைப் பார்க்கும், வாய் கழித்துச் சொல்லும். யோசித்துச் செய்கிற வேலையில்லை. பையைத் தூக்கியதும் வாய் தன் வழக்கத்தைச் செய்துவிட்டது. விமானக்காரன் சாக்குக் கழிப்பானா?

கயல்விழி கண்ணைத் துடைத்தாள். "கொச்சியில போயி நின்னிருப்பேன் மாமா."

"நின்னிருப்ப" என்றார் அவர்.

ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. தில்லைநாதன் தார்ப்பாய்ப் பையைப் பிரித்துத் தனியாக நிறுத்தார். பை மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். பொன்னியிடம் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு கேட்டு வாங்கினார். புஷ்பவள்ளி பழைய போர்வை ஒன்றைக் கொண்டு வந்தாள். சைக்கிளைப் போர்வையில் சுற்றி, மூட்டு வெளியே முட்டாதபடி திருப்பி வைத்து, சாக்கு இரண்டையும் ஒட்டி, கோணி ஊசியில் சிவப்பு நூல் கோத்துத் தைத்தார்.

"பிளேன்ல சாக்கு மூட்டையா மாமா? எல்லாரும் பொட்டி தள்ளிக்கிட்டு வருவாங்க" என்றாள் கயல்விழி.

"பொட்டியோட இங்க நிக்கிறியா, மூட்டையோட அங்க போறியா?"

"தைங்க, தைங்க."

தைத்து முடித்துத் தராசில் வைத்ததும் தில்லைநாதன் தள்ளி நின்றார். "நீ படி பாப்பா. நான் சொல்ல மாட்டேன்."

"பதினாலு எரநூறு."

"புஷ்பா, நீயும் படி."

"பதினாலு எரநூறுதாண்ணா."

"பொன்னியம்மா?"

"எனக்கும் அதேதான் தெரியுது பெரியவரே" என்றாள் பொன்னி, மாவு படிந்த புருவத்தை உயர்த்தி. அப்போதும் அவர் ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மூட்டையைத் தூக்கினார்.

மூன்றாம் நாள் காலையில் கடலூர் வீட்டில் அவர் போன் அடித்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"மாமா, கவுண்டர்ல பதினாலு முந்நூறு போட்டாங்க. எடுத்துக்கிட்டாங்க!"

"நூறு எப்படி ஏறிச்சு? எவனாவது தொறந்தானா?"

"மழைல சாக்கு நனைஞ்சுது மாமா!"

"எடுத்துக்கிட்டான் சரி, ஏத்தினானா? கண்ணால பாத்தியா?"

"இப்பதான் பாக்குறேன். பிளேனு கிட்டயே நடத்திக் கூட்டிட்டு வந்துட்டாங்க. பின்னாடி கதவு தொறந்திருக்கு. நம்ம மூட்டைய ரெண்டு பேரு தூக்குறாங்க... செகப்பு நூலு தெரியுது... உள்ள போயிடுச்சு மாமா!"

"கதவ மூடிட்டானா?"

"இல்ல, இன்னும் மூடல."

"அவன் மூடுற வரைக்கும் நீ படி ஏறாத" என்றார் தில்லைநாதன்.