அண்ணன் மகளின் செல்கள்

ஆய்வகத்தில் அவளுக்கு ஆயா என்று பெயர். செல்களுக்கு வேளை தவறாமல் உணவுத் திரவம் மாற்றி, கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வதால் கூட வேலை செய்பவர்கள் வைத்தது. அந்தச் செல்களுக்குள் மரபணுவைச் செலுத்துவதுதான் அவள் வேலை. மரபணு தானாக உள்ளே போகாது. அதை ஒருவகைக் கொழுப்புக் கரைசலோடு கலந்தால் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகச் சுருண்டுகொள்ளும். செல்லின் மேலுறையும் கொழுப்புதான் என்பதால் உருண்டை அதில் ஒட்டிக்கொள்ளும். செல் அதை விழுங்கிவிடும். இதை வீட்டில் விளக்கப் போய், "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அது அவன் சிரித்துக்கொண்டிருந்த காலம்.

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அண்ணன் மகளுக்குக் கால் பின்ன ஆரம்பித்தது. பிறகு கையில் கரண்டி நிற்கவில்லை. பேச்சும் குழறியது. செல்களுக்குள் கழிவு கரையாமல் தேங்குகிறது என்றார் டாக்டர். மரபணுச் சோதனையில் ஒரே ஒரு மரபணுவில் மாற்றம் தட்டுப்பட்டது. ஆனால் நோய்க்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அந்த ஒரு மரபணு பழுதானவர்களுக்குத் தொலைவில் ஓர் ஆஸ்பத்திரியில், மூளைக்குள் நல்ல மரபணுவைச் செலுத்தும் புதிய சிகிச்சையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆதாரம் இருந்தால் குழந்தையைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

குழந்தையின் தோலிலிருந்து வளர்த்த செல்களுக்குள் பழுதில்லாத மரபணுவைச் செலுத்த வேண்டும். கழிவு கரைந்தால் அதுதான் ஆதாரம்.

"சொந்த அண்ணன் குழந்தையோட செல்ல நீயே தொடறது சரியில்லம்மா," என்றார் ஆய்வகத் தலைவி.

"வேற யாரு மேடம் செய்வாங்க? தோல் செல்லு என்ன அடம் பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும்."

"செய். ஆனா முடிவ நானும் பார்ப்பேன்."

முதல் முறை எதுவுமே உள்ளே போகவில்லை. மரபணுவோடு சேர்த்து அனுப்பிய அடையாளம், உள்ளே போயிருந்தால் பச்சையாக ஒளிர்ந்திருக்கும். நுண்ணோக்கியில் ஒரே இருட்டு. அடுத்த முறை கொழுப்புக் கரைசலைக் கூட்டினாள். காலையில் வந்து பார்த்தால் செல்கள் தட்டிலிருந்து பிய்ந்து, உருண்டு மிதந்தன. அளவு மீறினால் அந்தக் கொழுப்பே செல்லைக் கொன்றுவிடும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். செத்த செல்களைக் கிருமிநாசினி வாளியில் ஊற்றினாள். இன்னொரு முறை தோல் எடுக்க முடியாது. போன தடவை எடுத்ததற்கே குழந்தை காய்ச்சலில் கிடந்து பிழைத்தது. உறைய வைத்ததில் மிச்சம் ஒரே குப்பி.

அண்ணன் தினமும் போன் செய்தான். நலம் விசாரிப்பதெல்லாம் நின்றுவிட்டது. எடுத்த எடுப்பில், "உள்ள போச்சா?"

"இல்லண்ணா."

வைத்துவிடுவான்.

கடைசிக் குப்பியை அவள் அவசரப்படுத்தவில்லை. செல்கள் தட்டை நிரப்பட்டும் என்று காத்திருந்தாள். ஒரு பங்கைத் தனியே எடுத்து உறைய வைத்தாள். கரைசலைக் குறைத்தாள். செல்லை நோகடிக்கும் கிருமிக்கொல்லி மருந்து கலக்காத திரவத்துக்கு மாற்றி, மரபணுவைச் செலுத்தி, சில மணி நேரத்திலேயே மிச்சக் கரைசலைக் கழுவிவிட்டாள். மறுநாள் இருட்டறையில் கண்ணை வைத்தபோது, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சை. அங்கிருந்தே போன் போட்டாள்.

"உள்ள போயிடுச்சுண்ணா!"

மறுமுனையில் அவன் விம்மி விம்மி அழுதான். அண்ணியைக் கூப்பிடுவது கேட்டது.

அதன் பிறகுதான் கழிவைச் சிவப்பாகக் காட்டும் சாயம் ஏற்றினாள். இந்த மரபணுதான் பழுது என்று உறுதியான வேறொருவரின் செல்களும், ஒப்பிட்டுப் பார்க்க அதே மரபணுவைச் செலுத்தி, பக்கத்துத் தட்டில் இருந்தன. அவற்றில் பச்சை ஒளிர்ந்த இடமெல்லாம் சிவப்பு கரைந்து சுத்தமாகியிருந்தது. அண்ணன் மகளின் செல்களில் பச்சைக்குள்ளேயே சிவப்புப் புள்ளிகள், கொட்டி வைத்ததுபோல அப்பிக் கிடந்தன.

ஒதுக்கி வைத்த செல்களில் கொஞ்சத்தை எடுத்து, தலைவியே கூட இருந்து மறுபடி செய்து பார்த்தார். அதேதான்.

"உள்ள போகலேன்னா சந்தேகத்துக்காவது இடம் இருந்திருக்கும்," என்றார். "இது வேற கோளாறும்மா. இந்த மரபணு இல்ல."

போனில் சொல்லும் தைரியம் இல்லாமல் அண்ணன் வீட்டுக்கே போனாள். வாசலிலேயே சொன்னாள்.

"போயிடுச்சுன்னு நீதானே சொன்ன?"

"போச்சுண்ணா. போயும் கரையல. இன்னொருத்தரோட செல்லுல கரைஞ்சுது, இவளோடதுல கரையல."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்த இன்னொருத்தரோட படத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அது அவளுக்கும் தோன்றாமல் இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

"மண்டையில துளை போட்டு ஊத்துவாங்கண்ணா. அவளுக்குச் சேராத மருந்த. இருக்கற கொஞ்சமும் போயிடும்."

"இருக்கறது என்ன பெருசா இருக்கு?" என்று கத்தினான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

அண்ணி, குழந்தை படுத்திருந்த அறைக் கதவைத் திறந்துவிட்டாள். "அ... தை" என்றது குழந்தை. இவள் கட்டிலில் உட்கார்ந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். அண்ணன் திரும்பி வரும்வரை இருக்கவில்லை.

பல மாதம் அவன் பேசவில்லை. எது கோளாறு என்று தெரியாமலே குழந்தை போய்ச் சேர்ந்தது. காரியமெல்லாம் முடிந்து, ஒருநாள் மத்தியானம் ஆய்வகத்துக்குப் போன் வந்தது.

"அவளோட செல்லு ஏதாவது மிச்சம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்குண்ணா. உறைய வெச்சிருக்கேன்."

"வெளிய எடுத்தா வளருமா?"

"வளரும்."

"எந்த மரபணுன்னு பாரு," என்றான் அண்ணன். "எவ்வளவு நாளானாலும் சரி. எனக்குத் தெரியணும்."