எஸ்தர் அக்காவும் நான் தொலைத்த மூன்று வாரங்களும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வேலூரில் உள்ள எங்கள் மரபணு ஆய்வகத்தில் வேலையைத் தொடங்கும் நேரத்தில் ஆரணியிலிருந்து எஸ்தர் அக்காவின் தங்கை லில்லி அழைத்தாள்.

"அக்கா போயிட்டாங்க, கலாக்கா. பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்தாங்களாம். அப்படியே சாஞ்சிட்டாங்களாம்."

அதற்குமேல் அழுகைதான் கேட்டது. என் எதிரே எஸ்தர் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. அவருடைய நெஞ்சில் கருவி பொருத்த இன்னும் ஐந்தே நாள் இருந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆரணியில் பட்டு நெய்யும் கிறிஸ்தவக் குடும்பத்தில் மூத்தவர் எஸ்தர். அடுத்தது தம்பி சாமு, கடைசி லில்லி. தினமும் ஆரணியிலிருந்து பஸ்ஸில் வந்து, நோயாளிகளின் டி.என்.ஏ. தரவைக் கணினியில் அலசும் வேலையைப் பார்த்தார். நான் சேர்ந்த முதல் நாளே, "புரியலன்னா கேளுங்க. புரிஞ்ச மாதிரி தலையாட்டாதீங்க, எனக்குப் பேஜாரா பூடும்" என்றார். மூன்றாம் நாள் 'ங்க' போய் 'நீ' வந்துவிட்டது. பெரிய கோப்புகள் இறங்கும்வரை மெல்லிய குரலில் ஏதாவது சர்ச் பாட்டு பாடுவார்.

இந்த ஆண்டு அந்தப் பாட்டு நின்றது. அரிசி ஆலையில் வேலை பார்த்த சாமு ஒருநாள் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் ரத்தம் எடுத்து வைத்தார்கள். சோதனை முடிவதற்குள் அவருடைய இதயம் நின்றுவிட்டது. அவர்கள் அப்பாவும் இளவயதில் அப்படியே போனவர். குடும்பத்தில் ஏதோ ஒன்று இறங்கி வருகிறது, அது என்னவென்று சாமுவின் ரத்தம்தான் சொல்ல முடியும். அது தெரிந்தால்தான் அக்காவிடமும் தங்கையிடமும் அதைத் தேட முடியும். எடுத்து வைத்திருந்த ரத்தம் ஒரே ஒரு தடவைக்குத்தான் போதுமானதாக இருந்தது.

டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் இரு முனைகளிலிருந்தும் இயந்திரம் படிக்கும். ஒரு முனை ஒரு கோப்பிலும் மறுமுனை இன்னொரு கோப்பிலும் சேரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு, இரு கோப்பிலும் அதே பெயர்தான். அங்கே நூறாவதாக இருப்பதன் ஜோடி இங்கேயும் நூறாவதாக இருந்தாக வேண்டும். சாமுவின் தரவில் ஒவ்வொரு கோப்பும் இரண்டு பாகங்களாக வந்தது. அவற்றை ஒட்டி மென்பொருளுக்குள் ஏற்றும் வேலையை நான்தான் செய்தேன். ஒன்றில் முதல் பாகத்தை முன்னால் வைத்தேன். மற்றதில் இரண்டாம் பாகத்தை முன்னால் வைத்துவிட்டேன்.

மென்பொருள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தது. இரண்டும் சமம். பச்சை டிக் போட்டு வாங்கிக்கொண்டது. பிறகு வந்த முடிவில் ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு துண்டின் இரு முனைகளும் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. ரத்தம் கெட்டுவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம்.

மூன்று வாரம். அக்கா மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பப் போய், "ஒரு சொட்டுகூடவா இல்ல? நல்லா தேடிப் பாருங்க" என்று கேட்டார். இல்லை என்றார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார். லில்லிக்குக் கொஞ்சம் படபடப்பு என்றாலும் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஆரணிக்குப் பஸ் ஏறிவிடுவார்.

ஒரு மதியம், வேறு வழி தெரியாமல், அந்த இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தார்.

"கலா, இங்க வா. இந்தப் பேரைப் பாரு. அந்தப் பேரைப் பாரு. ஒண்ணா?"

ஒன்றாக இல்லை. "நான்தான் ஒட்டினேன்க்கா" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. "என் தம்பி ரத்தம் கெட்டுப் போச்சுன்னு மூணு வாரமா அழுதுகினு இருந்தேனே, கலா" என்றார். எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து அரைமணி நேரத்தில் பாகங்களைச் சரியாக ஒட்டி, மறுபடி ஏற்றினார். ரத்தம் கெடவே இல்லை.

சாமுவிடம் இருந்த கோளாறு தெரிந்தது. அடுத்த வாரம் அது அக்காவிடமும் லில்லியிடமும் இருப்பது உறுதியானது. இதயம் தடுமாறினால் தட்டி எழுப்பும் கருவியை இருவருக்கும் பொருத்த வேண்டும் என்றார் மருத்துவர். உடனே கிடைத்தது ஒரு தேதிதான். அடுத்தது இரண்டு வாரம் கழித்து.

"அவளுக்குக் கைக்குழந்தை இருக்குது. அவளுக்கு வைங்க டாக்டர். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார் அக்கா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். சாமுவின் முடிவு மூன்று வாரம் முன்பே வந்திருந்தால் இருவருக்கும் கருவி வைத்து முடிந்திருக்கும். இந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். ஒருநாளும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல், இரு கோப்புகளிலும் உள்ள துண்டுகளின் பெயர்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சிறு நிரலை எழுதத் தொடங்கினார். முடித்து என் கணினியில் முதலில் போட்டார்.

அடக்கத்தின்போது லில்லிக்குக் கருவி வைத்த இடத்தில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. இடது கையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குழந்தையை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் புடிச்சிக்குங்க, கலாக்கா" என்றாள். அவளுக்கு நான் செய்தது தெரியாது. வலது கையால் மண்ணை அள்ளிப் போட்டாள். மறுபடி மறுபடி அள்ளினாள். யாரோ பிடித்து நிறுத்தும்வரை நிறுத்தவில்லை.

குழந்தை என் தோளில் தூங்கிப்போயிருந்தது. அதை எழுப்பாமல் என்னால் குனிய முடியவில்லை. உங்களுக்கு ஒரு பிடி மண் போடாமலே வந்துவிட்டேன், அக்கா. லில்லியிடம் நானே சொல்லிவிடுகிறேன். நிம்மதியாக உறங்குங்கள்.