எடையை ஏன் பிரிக்க வேண்டும்?

போடி பஜாரில் குழாயும் பெயின்டும் விற்கும் ஜேசுராஜின் மனைவி ஜாய்ஸ், இயற்பியலில் எம்.எஸ்சி. கடைக்கு மேல் மாடியில் வீடு. கல்யாணமானதிலிருந்து அங்கே உட்கார்ந்தபடியே ஓர் இணைய நிறுவனத்துக்கு வேலை பார்த்தாள். வெளிநாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் வீட்டுப்பாடக் கணக்குகளை அனுப்புவார்கள். படிப்படியாக விடை எழுதி அனுப்ப வேண்டும். பனிச்சரிவில் சறுக்குகிறவனின் வேகம் என்ன, உராய்வு எவ்வளவு என்பதெல்லாம் பனியையே பார்க்காத ஜாய்ஸுக்குத் தண்ணி பட்ட பாடு.

கேட்டது யார், அவர்களுக்குப் புரிந்ததா என்பது மட்டும் தெரியாது. விடை பிடித்திருந்தால் திரையில் நட்சத்திரம் விழும்.

போன வருஷம் கேள்விகள் குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் மெயில் வந்தது. ஜாய்ஸ் கீழே கடைக்கு இறங்கினாள்.

"இனிமே மெஷினே விடை போட்டுக்கிருமாம். எங்கள வேணாம்னுட்டாக."

"விடு. கடையில வந்து உக்காரு" என்றான் ஜேசுராஜ்.

உட்கார்ந்தாள். வால்வு அளவெல்லாம் பழகிவிட்டது. ஆனால் பேச்சு குறைந்துபோனது. அதைக் கவனித்த ஜேசுராஜே, அல்லிநகரத்தில் ஒரு டுட்டோரியலில் பிசிக்ஸ் எடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று விசாரித்து வந்து சொன்னான்.

பரீட்சையில் தவறியவர்கள் படிக்கும் இடம் அது. முன் பெஞ்சில் யுவராணி. மில்லில் வேலை, கைக்குழந்தை வேறு. பிளஸ் ஒன் பிசிக்ஸ் மட்டும் அரியர். ஜாய்ஸ் சரிவில் பெட்டி ஒன்று இருக்கும் சாய்தளக் கணக்கைப் போர்டில் போட்டு, 'எடையை இரண்டு கூறுகளாகப் பிரிக்க' என்று எழுதியபோது யுவராணி கை தூக்கினாள்.

"பெட்டி ஒண்ணுதான டீச்சர்? எடையும் ஒண்ணுதான். அத எதுக்கு ரெண்டாப் பிரிக்கணும்?"

ஜாய்ஸ் அந்த வரியை எத்தனையோ முறை எழுதியவள். 'அது அப்படித்தான்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. யுவராணியின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

"இப்பச் சொல்ல வரல. நாளைக்குச் சொல்றேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். போடிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜாய்ஸுக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. கடல் தாண்டி இருந்த அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இதே வரியில் நின்றுபோனார்களோ என்பதுதான் மனதை அரித்தது.

மறுநாள் தன் டிபன் பாக்ஸைப் பரீட்சை அட்டைமேல் வைத்து, யுவராணியிடம் நீட்டினாள்.

"ஒரு கையில அட்டையப் பிடிங்க. பாக்ஸ் வழுக்காம மறு கை ஒத்த விரலால தடுத்துக்கங்க. இப்ப அட்டைய மெல்லச் சாய்ச்சுப் பாருங்க."

யுவராணி சாய்த்தாள். "விரல்ல பாரம் ஏறுது டீச்சர்."

"அட்டை மேல?"

"அங்கன குறையுது." இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். "அதே எடைதான், அட்டை கொஞ்சம் தாங்குது, விரல் கொஞ்சம் தாங்குது. அதத்தான் பிரிச்சு எழுதுறீகளா?"

"அதத்தான்" என்றாள் ஜாய்ஸ். பின் பெஞ்சுக்காரர்களும் வரிசையாக வந்து விரல் வைத்துப் பார்த்தார்கள்.

ரிசல்ட் வந்த அன்று மில் வாசலிலிருந்து யுவராணி போன் செய்தாள். பாஸ். அதே வகுப்பில் படித்த திரிஷா தவறிவிட்டாள். இனி டுட்டோரியலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். ஜாய்ஸ் அவளைப் போனில் கூப்பிட்டாள்.

"அலைகள் பாடம் எனக்கு மண்டையில ஏறவே இல்ல டீச்சர். விட்ருங்க."

"மொத்தமும் புரியாம இருக்காது. எந்த வரியில நின்னு போச்சு?"

போனில் திரிஷா புத்தகம் புரட்டும் சத்தம் கேட்டது.