உட்காரச் சொல்லாத வெள்ளிக்கிழமை

திருவள்ளூரில் அந்தப் பெண்கள் பள்ளியில் கோமளவல்லி டீச்சர் வகுப்பில் மட்டும் யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. டீச்சர் உள்ளே வரும்போதும் வேண்டாம், பதில் சொல்லும்போதும் வேண்டாம். பழக்கதோஷத்தில் ஒருத்தி எழுந்துவிட்டால் போதும், "உட்காரு, உட்காரு" என்று பதறிப்போவாள். ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்தபோது வகுப்பு முழுக்கப் பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்தே வணக்கம் சொன்னது. தலைமையாசிரியையின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

டீச்சருக்குத் தங்கமான மனசு என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தங்கமாவது, தகரமாவது! அது பயம். கடைசி பெஞ்சில், ஜன்னலோரமாக, ஏற்கெனவே ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கோமளவல்லியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாள். பெயர் செல்வி. அவள் செத்து வருஷக்கணக்காகிவிட்டது.

அறுபத்து நாலில் நடந்தது அது. கோமளவல்லி பி.டி. என்னும் ஆசிரியப் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த முதல் வருஷம். அப்பா பாஷ்யம் வீரராகவப் பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்பவர். மெட்ராசில் படித்து வந்த பெண் என்று அந்தத் தெருவில் அவளுக்குத் தனி மரியாதை. அந்த மரியாதையைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தாள்.

செல்வி செவ்வாப்பேட்டைக்கு அடுத்த ஊர். நெல் பயிரிடும் அப்பாவுவின் மகள். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புவாள். ஒரு வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில், ஏதோ ஒரு பெட்டி லைட்டாக இருந்தது என்று இங்கிலீஷ் பாடத்தில் வந்தது. லைட் என்றால் கனமில்லாதது என்று கோமளவல்லி சொல்லிவிட்டு நகர்ந்தாள். செல்வி எழுந்தாள்.

"டீச்சர், இந்த வாரந்தான் எங்க ஊட்டுக்கு லைட்டு வந்துச்சு. அதுவும் லைட்டு, கனமில்லாததும் லைட்டு. வெளிச்சத்துக்குக் கனமே இல்லன்றதாலதான் அப்பிடிப் பேரு வெச்சாங்களா?"

கோமளவல்லிக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. அதற்குள் பின்னாலிருந்து இன்னொருத்தி, "டீக்கடையில லைட் டீன்றாங்களே, அது எந்த லைட்டு?" என்றாள். வகுப்பே சிரித்தது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று கோமளவல்லிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதிகப்பிரசங்கி! முதல்ல ஸ்பெல்லிங்கைப் படி. நில்லு அங்கேயே. நான் சொல்ற வரைக்கும் உட்காரப்படாது."

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். கோமளவல்லி போனாள். பேச்சு நீண்டது, மணி அடித்தது. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று அவளை உறுத்தியது நிற்கவைத்த பெண் அல்ல, தெரியாத வார்த்தை. தன்னுடைய அந்தப் புத்தியைத்தான் அவளால் பிற்பாடு மன்னிக்க முடியவில்லை. மறுநாள் முதல் வேலையாக மெட்ராசுக்கு ரயிலேறி, ஒரு பெரிய நூலகத்தில் அகராதியைப் புரட்டினாள். புரட்டப் புரட்டச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளிச்சத்தைச் சொல்லும் லைட்டுக்கும் கனமின்மையைச் சொல்லும் லைட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒரே பெயர், வேறு வேறு கோத்திரம். வேர் வேறாகப் பிறந்த இரண்டு சொற்கள் நாளாவட்டத்தில் ஒரே முகமாகிவிட்டன. கனமில்லாத லைட்டின் வம்சத்தில்தான் நுரையீரலுக்கான 'லங்' என்ற இங்கிலீஷ் சொல்லும் பிறந்திருந்தது. அது உடம்பில் லேசான உறுப்பாம். குதிரையிலிருந்து இறங்குவதற்கான 'அலைட்' என்ற சொல்லும் அந்த வம்சம்தான். ஏறியவன் இறங்கினால் குதிரைக்குப் பாரம் குறைகிறது அல்லவா? திங்கட்கிழமை அந்த வாயாடியை அசத்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினாள்.

திங்கட்கிழமை வாசலிலேயே பள்ளிக்கூட ஆயா பிடித்துக்கொண்டாள்.

"செவ்வாப்பேட்டைப் பொண்ணு போயிடுச்சும்மா. நேத்து அப்பனுக்குச் சோறு எடுத்துக்கினு கழனிக்குப் போச்சாம். வரப்புல பாம்பு புடுங்கிடுச்சு." மூக்கைச் சிந்திவிட்டு அவளே தொடர்ந்தாள். "வெள்ளிக்கெழம ரூமைப் பூட்டப் போனா ஒத்தையா நின்னுக்கினு இருக்குது. போடின்னா, டீச்சர் இன்னும் உக்காரச் சொல்லல ஆயான்னுது. நாந்தான் ரயிலு போயிடும்னு வெரட்டி உட்டேன்."

கோமளவல்லி வகுப்புக்குப் போனாள். கடைசி பெஞ்சில் செல்வி நின்றாள்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தை அவளை விட்டுவைக்கவில்லை. ரேடியோவில் லைட் மியூசிக். பக்கத்து வீட்டு மாமிக்குப் புடவையில் லைட் கலர். பள்ளிக்கூடத்துப் பெண்களோடு பழவேற்காட்டுக்குப் போனால் அங்கே ஒரு லைட் ஹவுஸ். எங்கே காதில் விழுந்தாலும் முதுகுப்பக்கம் யாரோ எழுந்து நிற்கும் சத்தம் கேட்கும். கரண்டு போய்த் திரும்பும்போது தெருப்பிள்ளைகள் "லைட் வந்துடுத்து" என்று கூத்தாடுவார்கள். கோமளவல்லி மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். வெளிச்சம் வந்ததும் அறை மூலையில் யார் இருப்பார்களோ என்ற நடுக்கம். பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள், "உயரம் பார்க்கணும், கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ" என்றதும் இவள் விம்மிக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்த வரன் வந்த வழியே போயிற்று. பின்னால் வந்தவையும் தட்டித் தட்டிப் போயின. யாரிடமும் அவள் காரணம் சொல்லவில்லை.

எழுபத்து மூன்றில் ஒரு நாள், பள்ளி விடும் நேரத்தில், ஒரு வாலிபன் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வந்து நின்றான். கும்மிடிப்பூண்டியில் இரும்புப் பட்டறையில் வேலை என்றான். பெயர் பூவராகவன். செல்வியின் தம்பி.

"அக்கா எப்பவும் ஒங்களப் பத்தியே பேசிக்கினு இருக்கும் டீச்சர். அதான் பத்திரிக வெக்க வந்தேன். ஆனா கல்யாணம் நடக்குமோ நடக்காதோ, தெரியல."

அந்தக் குடும்பங்களில் கல்யாணமாகாமல் செத்துப்போன பெண் பூவாடைக்காரி என்ற வீட்டுத் தெய்வம் ஆகிவிடுகிறாள். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் ஏரிக்கரையில் பம்பை மேளம் அடித்து அவளை அழைப்பார்கள். யார் மேலாவது இறங்கி வந்து, போட்ட பலகையில் உட்கார்ந்து, புதுச்சேலையும் பூவும் வாங்கிக்கொண்டால் கல்யாணத்துக்குச் சம்மதம்.

"அம்மா மேல வருது டீச்சர். வந்து கையக் கட்டிக்கினு நிக்குது. உக்காரவே மாட்டேங்குது. இன்னா கொறைன்னு கேட்டா வாயத் தொறக்கல. ரெண்டு தபா அழைச்சுப் பாத்தாச்சு. இந்த வெள்ளிக்கெழமயும் உக்காரலன்னா வேற எடம் பாத்துக்கறோம்னு பொண்ணு ஊட்ல சொல்ட்டாங்க. ஒரே பேஜாரா போச்சு."

செல்வி ஏன் உட்காரவில்லை என்பது கோமளவல்லிக்குத் தெரியும். போய்ச் சொன்னால் பெற்றவள் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் இந்தப் பையன் கல்யாணம் நின்றுவிடும். செல்வியும் நின்றுகொண்டேயிருப்பாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்புவதைப் பாஷ்யம் பார்த்தார். எங்கே என்று கேட்டார், சொன்னாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"பெருமாளைத் தவிர வேற தெய்வத்தைச் சேவிக்கற வழக்கம் நம்மாத்துல உண்டா?"

"சேவிக்கப் போகலைப்பா. ஒரு கிளாஸ் பாக்கி இருக்கு."

ஏரிக்கரையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பம்பைக்காரன் பச்சையப்பன் முழக்கிக்கொண்டிருந்தான். பலகையில் சிவப்புச் சேலை, மல்லிகை, வளையல், தேங்காய். பெண் வீட்டார் தள்ளி நின்று உன்னிப்பாகப் பார்த்தார்கள். செல்வியின் தாய் குப்பம்மாளுக்கு உடம்பு உதறியது. சட்டென்று உதறல் நின்றது. இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றாள். தலை லேசாகக் குனிந்திருந்தது. அந்த நிற்பைக் கோமளவல்லி ஒன்பது வருஷமாகப் பார்த்துவந்திருந்தாள்.

"வந்தவ உக்காரு ஆத்தா," என்று பச்சையப்பன் கெஞ்சினான். "இன்னா கொறை? வாயத் தொறந்து சொல்லு."

அந்த உருவம் அசையவில்லை. பெண் வீட்டுப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். கோமளவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். பம்பை நின்றது.

"அவ மேல குறை இல்லை," என்றாள். "நான்தான் நிக்க வச்சேன். அவ ஒரு கேள்வி கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வெக்கம். அதனால தண்டனை குடுத்தேன். உட்காரச் சொல்லாமலே போயிட்டேன்."

அப்பாவு அவளையே வெறித்துப் பார்த்தார். "எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லலியே அந்தப் பொண்ணு," என்றார்.

கோமளவல்லி தாயின் முகத்தைப் பார்த்து மகளிடம் பேசினாள். வகுப்பில் பேசுவதுபோல் பேச முயன்றாள்.

"செல்வி, கேட்டுக்கோ. லைட்டுன்னு ரெண்டு வார்த்தை இருக்கு, ஒண்ணு இல்லை. வெளிச்சம் ஒரு வேர், கனமில்லாதது வேற வேர். ரெண்டும் தேஞ்சு தேஞ்சு ஒரே மாதிரி ஆயிடுத்து. பாரத்தை இறக்கி வைக்கறதுக்கும் அந்த ரெண்டாவது வேர்லேர்ந்துதான் வார்த்தை வந்தது. நீ சொன்ன காரணம் அகராதியில இல்லை. ஆனா வெளிச்சத்துக்குக் கனமில்லேன்னு நீ சொன்னியே, அது ரொம்ப அழகு. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உட்காரு, செல்வி."

கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. குப்பம்மாள் பாவாடையை ஒதுக்குவதுபோல் முன்கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு, பெஞ்சில் உட்காரும் பள்ளிக்கூடப் பெண்ணாகப் பலகையில் உட்கார்ந்தாள். கூட்டத்தில் குலவை எழுந்தது. பூவராகவன் சிறுபிள்ளையாட்டம் அழுதான்.

தெளிந்து எழுந்த குப்பம்மாளுக்கு எதுவும் ஞாபகமில்லை. அக்கம்பக்கத்தார் சொல்லச் சொல்லக் கேட்டாள். கோமளவல்லி தலைகுனிந்து காத்திருந்தாள். ஏசினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்வதாகத்தான் வந்திருந்தாள். குப்பம்மாள் பலகையிலிருந்த மல்லிகையில் ஒரு முழம் கிள்ளி எடுத்து வந்தாள்.

"அவ்ளோ நாளு நிக்க வெச்சுட்டியே டீச்சரம்மா," என்றாள். சொல்லிவிட்டு, அந்தப் பூவைக் கோமளவல்லியின் தலையில் தன் கையாலேயே வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பாஷ்யம் அந்தப் பூவைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள்.

"கிளாஸ் முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை கோமளவல்லி வகுப்புக்குள் போனாள். பெண்கள் உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னார்கள். கடைசி பெஞ்சின் ஜன்னலோரத்தில் வெயில் மட்டும் விழுந்து கிடந்தது. இத்தனை வருஷமும் செல்வியைக் கண்டு பயப்படத்தான் அவளுக்கு நேரம் இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக, அந்தக் குழந்தை செத்துப்போய்விட்டாள் என்று அழுதாள்.