மணிக்கு முன்னால் வரும் போன்

ஷீபாவுக்குப் பயம் தாய்ப்பாலோடு வந்தது என்று சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவாள். வரட்டும். அவள் அம்மா தினமும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவள். பத்துப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் பதினெட்டுப் பேரை அடைப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜீப்பு இறங்கவில்லை என்றால், எந்த வளைவில் உருண்டதோ என்று இந்தப் பிள்ளை தெருமுனையில் நின்று மலையையே பார்க்கும். அப்படி வளர்ந்தவள் யாரைக் கட்டினாள்? பட்டாளத்துக்காரரை. விதி யாரை விட்டது!

ராசிங்காபுரத்துப் பால்ராஜ் தங்கமான மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில், மிச்ச நாளெல்லாம் வடக்கே ஏதோ பனிமலையில். கல்யாணமான புதிதில் ஷீபாவும் அவரோடு ராணுவக் குடியிருப்பில் இருந்தாள். ஒரு காலையில் பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு அதிகாரிகள் தட்டினார்கள். அந்த வீட்டுப் பெண் கதவைத் திறக்காமலே அலறினாளாம். அடுத்த மாதமே ஷீபா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போடிக்கு வந்துவிட்டாள்.

"இங்கன இருந்தா, கதவத் தட்ட வர்றவனுக்கும் வந்து சேர நேரமாகும்லக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் அவளும் ஒரே கோடவுனில் ஏலக்காய் பொறுக்குகிறோம். பச்சைக் காய் ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். சர்ச்சுக்குள் போவது கிறிஸ்துமஸ் கேக்குக்கும் சாவுக்கும் மட்டும்தான். ஆனால் அங்கே ஷீபா கீபோர்டு வாசித்தால் எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிடும். வாரம் ஆறு நாள் காய் பொறுக்குகிற அதே விரல்கள்தான். ஞாயிற்றுக்கிழமை அவற்றில் நடுக்கமே இருக்காது. "வாசிக்கும்போது மட்டுந்தேன் எனக்குப் பயமில்லக்கா" என்பாள். அதனால்தான் போடிக்கு வந்த இந்தப் பதிமூன்று வருஷமாக ஒரு ஞாயிறு ஆராதனையையும் அவள் விட்டதில்லை. ஒரு பாட்டையும் நடுவில் நிறுத்தியதில்லை.

ஷீபாவின் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால் கோயில் மணியை, சர்ச்சை அவர்கள் கோயில் என்றுதான் சொல்வார்கள், நிறுத்தி நிறுத்தி அடிப்பார்கள். அதற்கு முன்னால் யோபு உபதேசியார் ஷீபாவுக்குப் போன் போடுவார். போதகருக்கு அடுத்தபடியாக அங்கே எல்லாம் அவர்தான், மணி அடிப்பது உட்பட. சாவு என்ற வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார். "ஷீபாம்மா, ஒரு பாட்டு இருக்கு" என்பார், அவ்வளவுதான். அவள் முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது பின்னாலேயே மணிச் சத்தம் கேட்கும்.

போன் வராமல் மணி அடித்தது ஒரே ஒரு தடவைதான். நாலு வருஷத்துக்கு முன்னால். "என்னக்கா, உபதேசியாரு என்னய மறந்துட்டாரா?" என்று ஷீபா சிரித்தாள். அரைமணி நேரத்தில் ஆள் வந்தது. மலையிலிருந்து இறங்குகிற ஜீப்பிலேயே அவள் அம்மாவுக்கு நெஞ்சு நின்றுபோயிருந்தது. சொந்த வீட்டுச் சாவுக்கு வாசிக்கச் சொல்லக் கூடாது என்று உபதேசியார் தேனியிலிருந்து வேறு ஆளை வரவழைத்திருந்தார். பெரிய மனதுதான். ஆனால் அன்றைக்கு ஷீபாவுக்கு ஒன்று மண்டையில் ஏறிவிட்டது. போன் இல்லாமல் மணி அடித்தால், சாவு தன் வீட்டில்.

போன ஆடி மாதம் பால்ராஜ் போன் பண்ணி, "மேல ஒரு போஸ்டுக்குப் போறேன், நாலு நாளைக்கு லைன் கெடைக்காது" என்று சொல்லியிருந்தார். ஒன்பது நாளாகியும் போன் வரவில்லை. ஷீபா ஆறாம் நாளிலிருந்தே சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். பொறுக்குகிற காயில் பச்சையும் வெளிறலும் கலந்து கிடந்தன. மேஸ்திரி பார்ப்பதற்குள் நான்தான் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். மணி அடித்தது.

ஷீபா முறத்தின் பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மறுபடி மணி. போன் அசையவில்லை. அவள் மடியிலிருந்த காயெல்லாம் தரையில் கொட்டியது.

"உபதேசியாருக்கு நான் போடுறேன் இரு" என்று என் போனை எடுத்தேன். முழு ரிங்கும் போய் நின்றது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டாருக்கா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறாரு" என்றாள் ஷீபா. அவள் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இரண்டு பேரும் செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தோம். எதிரே வந்தவர்கள் அவளைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். வாசிக்கப் போகிறாள் என்றுதான் விட்டிருப்பார்கள். அவளுக்கு அது இரக்கமாகத் தெரிந்தது. எனக்கும்தான், பொய் சொல்வானேன். மளிகைக்கடை யூனுஸ் பாய் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார். எப்போதும் "பாட்டு டீச்சரம்மா, எனக்கும் ஒரு பாட்டு கத்துக் குடுங்க" என்று கிண்டல் பண்ணுகிற மனிதர், இன்று தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஷீபா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"கேக்காதக்கா. கோயில் வாசல் வரைக்குமாவது அவரு உசுரோட இருக்கட்டும்."

மாரியம்மனையும் அவள் ஆண்டவரையும் சேர்த்தே வேண்டினேன். மணி அன்றைக்குத் தாறுமாறாக அடித்தது. ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம். சங்கீதம் தெரிந்த காது, அது உபதேசியார் கையில்லை என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். பயம் வந்தால் எந்தக் காது கேட்கும்?

வாசலில் நுழைந்தோம். மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது கல்லறைக் குழி வெட்டும் உக்கிரபாண்டி. கோயிலுக்குப் பக்கத்திலேயே உபதேசியாரின் சின்ன வீடு. கூட்டமெல்லாம் அங்கேதான் இருந்தது. அவர் மனைவி குருவம்மாள் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். ஞானஸ்நானம் வாங்கி முப்பது வருஷமாகியும் பழைய பெயர் போகாத மனுஷி. ஷீபாவைக் கண்டதும் கையை நீட்டினாள்.

"ஆத்தா ஷீபா, காலையில டீயக் குடிச்சுட்டு அப்படியே சாஞ்சுட்டாரு. ஒனக்கு யாரு போன் போடுறதுன்னு ஒருத்தருக்கும் தெரியலயே. அவருதான போடுவாரு!"

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்றாள் ஷீபா.

சத்தமாகவே சொன்னாள். சொன்ன பிறகுதான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். சுற்றி இருந்தவர்கள் அவளை முறைத்தார்கள். குருவம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகையும் வந்தது, பெருமூச்சும் வந்தது. இரண்டுக்கும் வெட்கமாக இருந்தது.

மாலை நாலு மணிக்கு அடக்க ஆராதனை. பெட்டிக்குள் உபதேசியார் வெள்ளை ஜிப்பாவில் கிடந்தார். ஷீபா போனைக் கீபோர்டு மேலேயே வைத்திருந்தாள். சாவு தன் வீட்டில் இல்லை என்று தெரிந்துவிட்டது, ஆனால் ஒன்பது நாள் ஒன்பது நாள்தானே. முதல்முறையாக அவள் விரல்கள் கோயிலுக்குள் நடுங்கின. இரண்டாவது சரணத்தில் போன் வெளிச்சம் போட்டது. தெரியாத நம்பர். கதவைத் தட்டுகிறவர்கள் முதலில் போனும் போடுவார்களோ?

பதிமூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பாட்டின் நடுவே கையை எடுத்தாள். இசை நின்றதும் பாடியவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கோயில் முழுக்க நிசப்தம். அதில் பால்ராஜின் குரல் எனக்கே கேட்டது.

"ஷீபா, நாந்தேன். பனி மூடி எறங்க முடியல. என்ன, பாட்டுச் சத்தம் கேட்டுச்சு? யாரு எறந்தது?"

"நீங்க இல்லீங்க" என்றாள். "நீங்க இல்ல, நீங்க இல்ல" என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றாள்.

பெட்டியின் பக்கத்திலிருந்து குருவம்மாள் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "பேசிட்டு வா ஆத்தா, அவருக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகல், ஷீபாவின் போன் அடித்தது. திரையில் யோபு உபதேசியார் பெயர். பால்ராஜ் மறுபடி மேலே போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அவள் எடுக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் என்னிடம் நீட்டினாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

குருவம்மாள் பேசினாள்.

"ஷீபா, ஒரு பாட்டு இருக்கு. ஒன் வீட்டுக்காரரு இல்ல."